மார்கழிப் பனியில் ஹூக்ளி நதியின் மீது

கல்கத்தாவில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு மார்கழி மாதம் இரண்டு மணங்களோடு வருகிறது. விடியற்காலையில் வெண்பொங்கலும் நெய்யும் மணக்கின்றன. மாலையில் நியூ மார்க்கெட் பக்கம் போனால், அடுப்பிலிருந்து இறக்கிய கேக்கின் மணம் தெருவரை வந்து நம்மை அழைக்கிறது. கிறிஸ்துமஸ் பண்டிகையை வங்காளிகள் 'பொரோதின்' என்கிறார்கள். பெரிய நாள் என்பது பொருள். கிறிஸ்தவரல்லாத வீடுகளிலும் அன்று கேக் வாங்கும் வழக்கம் உண்டு. துர்க்கை பூஜைக்குத் தன்னை அலங்கரித்துக்கொண்ட அதே நகரம், அதே உற்சாகத்தோடு பார்க் தெருவில் விளக்குகளைத் தொங்கவிட்டுக் கொண்டு நிற்கிறது. நகரத்தின் பெயர் 2001ஆம் ஆண்டிலேயே கொல்கத்தா என்று மாறிவிட்டது. நம் வாயில் மட்டும் இன்றும் கல்கத்தாதான். அன்பர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

சென்ற மார்கழியில் நம் சங்கத்தைச் சேர்ந்த எட்டுக் குடும்பங்கள் ஒன்றுகூடி, மோட்டார் லாஞ்சு ஒன்றை ஒரு நாள் வாடகைக்கு அமர்த்தி, ஹூக்ளி நதியில் பேண்டல் வரை போய்வந்தோம். நாள், டிசம்பர் 24, கிறிஸ்துமஸுக்கு முன்தினம். பண்டிகையன்றே போகலாமே என்று சிலர் கேட்டார்கள். அன்று கோயில்களில் கூட்டம் நெருக்கும் என்பது ஒரு காரணம். எங்களோடு வரவிருந்த டீச்சரம்மா அன்று காலை தம் கோயிலுக்குப் போயாக வேண்டும் என்பது மற்றொரு காரணம்.

டீச்சரம்மாவை லேக் மார்க்கெட் வட்டாரத்துத் தமிழர்களில் அறியாதவர் இல்லை. எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேர் அவரிடம் கணக்குப் படித்தவர்கள். அவர் பிறந்த ஊர் தரங்கம்பாடி. மணமாகிக் கணவருடன் கல்கத்தா வந்து நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது. கணவரை இந்த ஊர் மண்ணிலேயே அடக்கம் செய்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. கோயம்புத்தூரில் இருக்கும் மகன் தாயாரைத் தம்மோடு அழைத்துக்கொள்வதென்று முடிவாகி, தை மாதத்துக்கு ரயில் டிக்கெட்டும் வாங்கியாயிற்று. ஆகவே இது அவருக்குக் கல்கத்தாவில் கடைசிக் கிறிஸ்துமஸ். பயணத்தைப் பற்றிச் சொல்லப் போனபோது அவர் கேட்டது ஒரே கேள்விதான்.

"செராம்பூரில் நிறுத்துவீர்களா, தம்பி?"

நிறுத்துவோம் என்று வாக்குக் கொடுத்தோம்.

காலை 6.30 மணிக்குப் புறப்படுவதாக ஏற்பாடு. ஆனால் ஆற்றின் மீது பனி மூடிக் கிடந்தது. எதிர்க்கரை தெரியவில்லை, கரையில் கட்டியிருந்த எங்கள் லாஞ்சின் முன்பகுதியே பாதிதான் தெரிந்தது. லாஞ்சை ஓட்டும் சாரெங் கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு, பனி விலகாமல் கயிற்றை அவிழ்ப்பதில்லை என்று உட்கார்ந்துவிட்டார். புளியோதரைப் பாத்திரங்களும் தயிர்சாதத் தூக்குகளும் ஏறின. கேக்கும் ஏறியது. அதில் முட்டை உண்டா இல்லையா என்ற விவாதம் அரை மணி நேரம் நடந்து, முட்டையில்லாக் கேக் தனியே ஒரு பெட்டியில் இருப்பது கண்டுபிடிக்கப்பட்டபின் ஓய்ந்தது. டீச்சரம்மா ஒரு டின் நிறைய அச்சுமுறுக்குக் கொண்டுவந்திருந்தார். புறப்படும்போது மணி 8.30.

ஹூக்ளி நதியில் கடல் ஓதம் கல்கத்தாவையும் தாண்டி நெடுந்தூரம் ஏறுகிறது. ஓதம் ஏறும்போது வடக்கே போனால் ஆறே நம்மைத் தள்ளிக்கொண்டு போகும். வடியும்போது திரும்பினால் அதுவே அழைத்து வரும். படகுக்காரர்கள் கடிகாரத்தைவிட இந்தக் கணக்கையே நம்புகிறார்கள். ஏறும் ஓதத்தை வீணாக்கக் கூடாது; போகும்போது எங்கும் நில்லாமல் பேண்டல் போய்விட்டு, வரும்போது செராம்பூரில் இறங்குவது என்பது எங்கள் திட்டம்.

1943இல் திறக்கப்பட்ட ஹௌரா பாலத்தின் அடியில் போகையில் பனி மெல்லக் கிழிந்தது. மேலே ஜனங்களும் பஸ்களும் போகும் ஓசை மட்டும் கேட்டது. கரையில் பூச்சந்தையின் செவ்வந்திக் குவியல்கள் மஞ்சளாகத் தெரிந்தன. இடப்புறம் பேலூர் மடம், வலப்புறம் 1855இல் ராணி ராஸ்மணி கட்டிய தக்ஷிணேஸ்வரம் காளி கோயில். பிறகு இரு கரைகளிலும் சணல் ஆலைகளின் புகைபோக்கிகள். நாட்டின் முதல் சணல் நூற்பாலை 1855இல் இக்கரையிலுள்ள ரிஷ்ராவில் தோன்றியது. இன்று அந்தப் புகைபோக்கிகள் பலவற்றில் புகையில்லை. செங்கல் இடுக்கில் அரசஞ்செடி முளைத்திருக்கிறது.

கல்கத்தா ஆற்றின் கிழக்குக் கரையில் இருக்கிறது. மேற்குக் கரையில் வடக்கு நோக்கிப் போகப் போக, ஐரோப்பிய தேசங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கடைவிரித்த ஊர்கள் வருகின்றன: டேனியரின் செராம்பூர், பிரெஞ்சுக்காரரின் சந்தன்நகர், டச்சுக்காரரின் சின்சுரா, போர்த்துகீசியரின் ஹூக்ளியும் பேண்டலும். நாற்பது கிலோமீட்டர் தூரத்துக்குள் நான்கு கொடிகள் பறந்த கரை இது. அந்தக் கொடிகளில் ஒன்றுகூட இன்று இல்லை.

பத்து மணிக்குமேல் செராம்பூர் வந்தது. பனியில் கோபுரம் தெரியவில்லை. வீடுகளின் மங்கல் நிறம் மட்டும் தெரிந்தது. "அதோ அங்கேதான் இருக்கும்" என்று டீச்சரம்மா கையைக் காட்டினார். வரும்போது பார்க்கலாம் என்று சொன்னோம்.

அவருக்கு அந்த ஊர்மேல் ஏன் இத்தனை நாட்டம் என்று பிள்ளைகள் கேட்க, அப்போதுதான் சொன்னார். தரங்கம்பாடியும் செராம்பூரும் கூடப் பிறந்தவை. 1755இல் தரங்கம்பாடியிலிருந்த டேனிய அதிகாரிகள் வங்காள நவாபிடம் தூது அனுப்பி அனுமதி பெற்றுத்தான் இந்த ஊரில் டேனியக் கொடி ஏறியது. தங்கள் அரசர் பெயரால் இதற்குப் பிரெடெரிக்ஸ் நகர் என்று பெயரிட்டார்கள். சீகன்பால்கு 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கினார். அவர் மொழிபெயர்த்த தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715இல் அங்கே அச்சாகி முடிந்தது. ஆங்கிலக் கம்பெனி தன் எல்லைக்குள் பாதிரிமார்களை விரும்பாத காலத்தில், வில்லியம் கேரி 1800இல் செராம்பூருக்கு வந்து டேனியரின் நிழலில் தங்கினார்; 1801இல் வங்காளிப் புதிய ஏற்பாடு அங்கே வெளிவந்தது. தமிழுக்கு அந்த ஊர் செய்ததை வங்காளிக்கு இந்த ஊர் செய்தது. 1845இல் டேனியர் இரண்டு ஊர்களையும் ஒரே உடன்படிக்கையால் ஆங்கிலக் கம்பெனிக்கு விற்றுவிட்டுப் போனார்கள்.

"இத்தனையும் தெரிந்தும் நீங்கள் இதுவரை வந்ததில்லையா, பாட்டி?" என்றாள் ஒரு சிறுமி.

"ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அடுத்த வருஷம் போகலாம் என்பார் உன் தாத்தா. ஸ்கூல், பரீட்சை, துறைமுகத்தில் அவருடைய வேலை... அப்படியே போய்விட்டது" என்றார் டீச்சரம்மா.

சந்தன்நகரின் கரை மிக அழகானது. மரநிழலும் பெஞ்சுகளும் படித்துறையுமாக நம் புதுச்சேரிக் கடற்கரைச் சாலையை நினைவூட்டுகிறது. நினைவூட்டுவதில் வியப்பில்லை. இந்த ஊர் நெடுங்காலம் புதுச்சேரியின் ஆட்சிக்குட்பட்டே இருந்தது. துய்ப்ளே புதுச்சேரிக்குக் கவர்னராக வருமுன், 1731 முதல் சுமார் பத்து ஆண்டுகள் இங்கேதான் அதிகாரியாக இருந்தார். 1910 பிப்ரவரியில் அரவிந்தர் கல்கத்தாவிலிருந்து இதே நதியில் இரவில் படகேறி இங்கே வந்து மறைந்திருந்தார். ஏப்ரலில் புதுச்சேரி சேர்ந்தார். அங்கே அவருக்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தவர் நம் பாரதியார். சந்தன்நகர் 1949இல் வாக்களித்து இந்தியாவோடு சேர முடிவு செய்தது. 1950இல் ஆட்சி மாறியது. சந்தன்நகரைத் தாண்டுகையில் ஒரு நண்பர், முன்தினமே அவ்வூரிலிருந்து வாங்கிவைத்திருந்த 'ஜொல்பொரா' சந்தேஷை விநியோகித்தார். பனைநுங்கு வடிவில் செய்து, உள்ளே இனிப்பு நீர் வைத்த பால் இனிப்பு. குளிர்காலத்தில் புது ஈச்சவெல்லம் சேர்த்துச் செய்கிறார்கள். கடித்தவர்கள் சட்டையில் அதன் அடையாளம் மாலைவரை இருந்தது.

அந்த மகிழ்ச்சியில் யாரும் ஆற்றைக் கவனிக்கவில்லை. திடீரென்று லாஞ்சு ஒரு முறை குலுங்கி, சாய்ந்து, நின்றது. மணல்திட்டில் தரை தட்டிவிட்டது. இயந்திரத்தைப் பின்னோக்கி ஓட்டிப் பார்த்தார்கள்; சேறுதான் கலங்கியது. "ஓதம் இன்னும் ஏறுகிறது. ஒரு மணி நேரத்தில் அதுவே தூக்கிவிடும்" என்று சொல்லிவிட்டுச் சாரெங் தேநீர் போடச் சொன்னார். எங்களுக்கு இருந்த பதற்றத்தில் பத்தில் ஒரு பங்குகூட அவருக்கு இல்லை.

பிள்ளைகள் சிணுங்க ஆரம்பித்தபோது டீச்சரம்மா ஒரு விளையாட்டு வைத்தார். தமிழிலும் வங்காளியிலும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும் சொல்லைச் சொன்னால் ஓர் அச்சுமுறுக்கு. சமஸ்கிருதச் சொல் கூடாது, இங்கிலீஷும் கூடாது. முதலில் மௌனம். பிறகு ஒரு பையன், "சன்னல்! இங்கே ஜானாலா!" என்றான். அடுத்து ஒருத்தி, "அலமாரி! இங்கேயும் ஆல்மாரி!" என்றாள். "சாவிக்குச் சாபி." "பாதிரிக்குப் பாத்ரி." பெரியவர்களும் விளையாட்டில் சேர்ந்துகொண்டார்கள். ஏலமும் நிலாமும் ஒன்றா என்று ஒரு வழக்கு எழுந்து, டீச்சரம்மா ஒன்றே என்று தீர்ப்பளித்தார்.

"இந்தச் சொல்லெல்லாம் யார் கொடுத்தது தெரியுமா? நாம் போகிற பேண்டல்காரர்கள், போர்த்துகீசியர்கள். அவர்கள் தமிழ்க் கரையிலும் இறங்கினார்கள், இந்தக் கரையிலும் இறங்கினார்கள். கோட்டை போய்விட்டது, பீரங்கி போய்விட்டது. சன்னலும் சாவியும் நம் வீட்டிலேயே தங்கிவிட்டன."

நாங்கள் பிள்ளைகளுக்குத் தமிழ் மறந்துபோகுமே என்று ஞாயிறுதோறும் வகுப்பு வைத்துக் கவலைப்படுகிறவர்கள். ஒரு சொல் எப்படிப் பிழைக்கிறது என்பதை அந்த மணல்திட்டின் மேல் கற்றோம். அரண்மனையில் வைத்த சொல் அரண்மனையோடு போகிறது. அடுக்களையில் புழங்கிய சொல் நிலைத்துவிடுகிறது.

12.30 மணிக்கு லாஞ்சு தானே மிதந்தது. ஆனால் சாரெங் வந்து ஒரு கணக்குச் சொன்னார். பனி காலையில் இரண்டு மணி நேரத்தையும் மணல் ஒரு மணி நேரத்தையும் தின்றுவிட்டன. இருட்டியபின் மறுபடி பனி இறங்கும். அதற்குள் கல்கத்தா சேர வேண்டும். பேண்டலில் இறங்கலாம், அல்லது இப்போதே திரும்பிச் செராம்பூரில் இறங்கலாம். இரண்டும் முடியாது.

வாக்குக் கொடுத்தவர்கள் நாங்கள். பேண்டல் பேண்டல் என்று ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்த பிள்ளைகள் இருபது பேர் எதிரே நின்றார்கள். எங்களுக்குள் தாழ்ந்த குரலில் நடந்த பேச்சு இனிமையானதாக இல்லை. திரும்ப வேண்டும் என்றார் சிலர். இத்தனை தூரம் வந்து திரும்புவதா என்றார் சிலர். அதற்குள் டீச்சரம்மாவே எழுந்து வந்துவிட்டார்.

"குழந்தைகள் பேண்டல் பார்க்கட்டும், தம்பி. செராம்பூர் எங்கேயும் போய்விடாது."

அவர்தாம் போகப்போகிறார் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆயினும் எவரும் அதைச் சொல்லவில்லை. லாஞ்சு வடக்கே திரும்பியது.

1825 வரை டச்சுக்காரர் கையிலிருந்த சின்சுராவையும், ஹாஜி முகமது மொஹ்சினின் தர்மச் சொத்திலிருந்து எழுந்த ஹூக்ளி இமாம்பாராவின் இரட்டைக் கோபுரங்களையும் பார்த்துக்கொண்டே போய், 1.30 மணிக்குப் பேண்டலில் இறங்கினோம். 1599இல் நிறுவப்பட்ட கோயில். 1632இல் ஷாஜஹானின் படை ஹூக்ளியை முற்றுகையிட்டபோது அழிந்து, பின்னர் மீண்டும் எழுந்தது. இங்குள்ள மாதாவுக்கு 'நல்ல பயணத்தின் அன்னை' என்று பெயர். புயலில் தப்பிய ஒரு கப்பல் தலைவன் நேர்ந்துகொண்டபடி தன் பாய்மரத்தையே காணிக்கையாக்கினான் என்பது ஐதீகம். அந்த மரம் நெடுங்காலம் கோயில் முன் நின்றது. வேளாங்கண்ணியிலும் புயலில் தப்பிய போர்த்துகீசிய மாலுமிகளின் கதையையே சொல்கிறார்கள் என்பதை நம்மவர்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. வைக்கோல் குடிலும் காகித நட்சத்திரங்களும் தயாராகிக் கொண்டிருந்தன. மெழுகுவத்தி ஏற்றியவர்களில் எங்கள் மாமிகளே அதிகம். டீச்சரம்மா வேறு சபையைச் சேர்ந்தவர். மெழுகுவத்தி ஏற்றும் வழக்கம் அவருக்கு இல்லை. கடைசி வரிசையில் உட்கார்ந்து சற்று நேரம் கண்மூடியிருந்தார்.

மூன்று மணிக்குத் திரும்பினோம். ஓதம் வடிய ஆரம்பித்திருந்தது, லாஞ்சு விரைந்தது. 4.45 மணி இருக்கும். சூரியன் மேற்குக் கரைக்குப் பின்னால் சிவந்து இறங்கிக்கொண்டிருந்தது. அந்தச் சிவப்பின் நடுவே செராம்பூர் கோயிலின் கூர்ங்கோபுரம் கறுப்பாக எழுந்து நின்றது. காலையில் பனி மறைத்ததை மாலை வெளிச்சம் கொடுத்துவிட்டது.

1806இல் கட்டி முடிந்த புனித ஓலாவ் கோயில் அது. எதிர்க்கரையான பாரக்பூரில் ஆங்கில கவர்னர் ஜெனரலின் தோட்ட மாளிகை. அங்கிருந்த வெல்லெஸ்லி பிரபு, தம் தோட்டத்திலிருந்து பார்க்க ஒரு கோபுரம் இருந்தால் அழகாயிருக்கும் என்று சொல்லி இக்கோயிலுக்கு ஆயிரம் ரூபாய் கொடுத்தார் என்று ஒரு கதை உண்டு. சிதிலமடைந்திருந்த கோயிலைச் செம்மையாகப் புதுப்பித்ததற்கு 2016இல் யுனெஸ்கோவின் பரிசு கிடைத்தது.

நாங்கள் கேட்காமலே சாரெங் இயந்திரத்தைத் தணித்தார். மணல்திட்டில் நடந்த பேச்சின் பொருள் அவருக்கு எப்படியோ எட்டியிருக்கிறது. லாஞ்சு நீரோட்டத்தோடு மெல்ல நகர்ந்தது. டீச்சரம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருக்கு அருகில் போய் நிற்க எங்களுக்கு மனம் துணியவில்லை. கோபுரம் பின்னால் போய்ப் படித்துறை மரங்களில் மறையும்வரை பார்த்துவிட்டு, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, அச்சுமுறுக்கு மீதமிருக்கிறதா என்று கேட்டார்.

பேலூர் மடத்தைக் கடந்தபோது இருட்டிவிட்டது. அன்று மாலை ஆரத்திக்குப்பின் அங்கே ஏசுநாதர் படத்தின் முன் கேக்கும் பழமும் படைத்து வழிபடுவார்கள். 1886ஆம் ஆண்டு டிசம்பர் 24 இரவில், விவேகானந்தரும் அவருடைய சகோதரத் துறவிகளும் இதே ஹூக்ளி மாவட்டத்து ஆண்ட்பூர் கிராமத்தில் தீ மூட்டி உட்கார்ந்து துறவுக்குச் சங்கற்பம் செய்துகொண்டார்கள். அது கிறிஸ்துமஸ் முன்னிரவு என்பது பிறகே அவர்கள் நினைவுக்கு வந்ததாம். அந்த நினைவு மடத்தில் தொடர்கிறது. எங்கள் கூட்டத்தில் யாரோ திருப்பாவை தொடங்க, டீச்சரம்மா முடிந்தபின் ஒரு தமிழ்க் கீர்த்தனை பாடினார். கல்கத்தாவின் விளக்குகள் வந்தன.

பயணம் நன்றாக முடிந்தது என்று எல்லோரும் சொன்னார்கள். எங்களுக்கு மட்டும் நெஞ்சில் ஒரு முள். ஜனவரி முதல் ஞாயிற்றுக்கிழமை காலையில், எங்களில் நால்வர் டீச்சரம்மாவை அழைத்துக்கொண்டு ஹௌராவில் லோக்கல் ரயில் ஏறினோம். அரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில் செராம்பூர் வந்துவிட்டது! நாற்பது ஆண்டுகள் எட்டாதிருந்த ஊர், ஒரு தினசரிப் பத்திரிகை படித்து முடிப்பதற்குள் வந்துவிட்டது. எங்களுக்கு வெட்கமாக இருந்தது. டீச்சரம்மா சிரித்தார்.

வங்காளியில் ஆராதனை நடந்தது. பாட்டு வந்தபோது மெட்டு அவருக்குத் தெரிந்ததாக இருந்தது போலும். தமிழ்ச் சொற்களை மெல்லிய குரலில் அதன்மேல் வைத்துப் பாடினார். பக்கத்திலிருந்த வங்காளி மூதாட்டி திரும்பிப் பார்த்துத் தலையசைத்தார். வெளியே வந்ததும் முகப்பை அண்ணாந்து பார்த்தார் டீச்சரம்மா. அங்கே டேனிய அரசர் ஏழாம் கிறிஸ்தியானின் பெயரெழுத்து முத்திரை இருக்கிறது. தரங்கம்பாடியில் 1718இல் எழுந்த புதிய எருசலேம் கோயிலின் முகப்பில் நான்காம் பிரெடெரிக்கின் முத்திரை இருக்கிறது.

"எங்கள் ஊரில் இதைப் பார்த்துக்கொண்டுதான் பள்ளிக்கூடம் போவோம். ராஜா வேறே, எழுத்து வேறே. கை ஒன்றுதான்" என்றார். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.

தை மாதம் அவர் புறப்பட்டார். வீட்டுக்காரரிடம் 'சாபி' என்று சொல்லி அதை நீட்டினார். எங்கள் பக்கம் திரும்பி, "சாவி கொடுத்தாயிற்று, தம்பி" என்றார்.

அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். நாம் எந்த ஊரில் பிழைக்க வந்தோமோ, அந்த ஊருக்கு அருகே நமக்கு உறவான ஓரிடம் இருக்கும். அதற்கு லாஞ்சு வேண்டாம், பண்டிகையும் வேண்டாம். ஒரு லோக்கல் ரயில் போதும். அடுத்த வருஷம் போகலாம் என்று மட்டும் இருந்துவிடாதீர்கள்.